இரண்டாம் தடவை கேட்டால்

வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 17

ஜெயந்தினி,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். தேயிலைத் தோட்டத்தில் காதுப் படிவத்தின் முதல் சுற்று முடித்து நான் வந்த நாளிலிருந்து என் செய்தி எதுவும் உன்னிடம் போய்ச் சேரவில்லை. ஏன் என்று கேட்கப் போவதில்லை. வேலை நிற்கக் கூடாது, அதனால் கடிதம் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை லொறியில் இந்தக் கட்டு ஹட்டனில் எங்கள் கடைக்கு வரும். அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், வாங்கிக்கொள்.

உள்ளே நாற்பது படிவம் இருக்கிறது. முதல் சுற்றில் நீ கேட்ட அதே நாற்பது பேர், அதே பத்துக் கேள்வி. சரியாகப் பதினான்கு நாள் கழித்துக் கேட்க வேண்டும். படிவத்தில் உள்ளதை உள்ளபடி வாசி. விளக்கம் சொல்லாதே, தலையாட்டாதே, போன தடவை என்ன சொன்னார்கள் என்று நினைவூட்டாதே. "பின்னாலிருந்து கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்கிறதா" என்றால் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

திரும்பவும் சொல்கிறேன், நாம் சோதிப்பது ஆட்களை இல்லை, இந்தப் படிவத்தை. இரண்டு தடவை கேட்டாலும் ஒரே பதில் வந்தால் படிவம் நம்பத்தக்கது. வான் வண்டிக்குள் நான் காது அளக்கும் மெஷினில் எடுத்த அளவோடும் ஒத்துப்போனால் இன்னும் நல்லது. அப்புறம் மெஷின் போக முடியாத தோட்டங்களுக்கெல்லாம் வெறும் படிவத்தை அனுப்பினாலே யாருக்குக் காது போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். என் பட்டமும் இதில்தான் இருக்கிறது. டிக்கோயாவில் தொடங்கப் போகிற காதுச் சோதனை நிலையத்துக்கு உதவியாளர் எடுக்கும்போது இந்த அறிக்கையில் உன்னைப் பற்றி இருப்பதைத்தான் பார்ப்பார்கள். அதையும் மறந்துவிடாதே.

கேஷிகா


கெல்மோரா தோட்டம், டிக்கோயா
பெப்ரவரி 28

கேஷிகாவுக்கு,

நாற்பதும் முடிந்தது. கட்டி அனுப்பியிருக்கிறேன்.

காரணம் கேட்கப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அன்றைக்கு ஃபெக்டரி முற்றத்தில் உன் வான் பக்கம் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை வந்தார். என்னைப் பார்த்து இது யார் என்று இங்கிலிஷில் கேட்டார். நீ ஒரு நொடி யோசித்துவிட்டு, "லோக்கல் ஹெல்பர், இங்கே லயத்தில் குடியிருக்கிற தொழிலாளி வீட்டுப் பிள்ளை" என்றாய். இங்கிலிஷ் எனக்குத் தெரியாது என்று தொரை நினைக்கலாம். நீ எப்படி நினைத்தாய்? உயர்தரத்தில் என் இரசாயனவியல் கொப்பியைப் பார்த்து எழுதியவள்தானே நீ?

அந்தக் கொப்பிக்காரியால் ஒரு தடவைதான் பரீட்சை எழுத முடிந்தது. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றாள். நீ மூன்று தடவை எழுதினாய், கண்டிக்குப் போய் டியூஷன் வகுப்பில் படித்தாய். மூன்றாவது தடவை என்னை விடக் கொஞ்சம் கூட வந்தது. இப்போது நீ கொழும்பில் இருக்கிறாய், நான் தொழிலாளர் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளை மடுவத்தில் பால்மா கலக்குகிறேன். எரிச்சல் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

உன் அப்பா கடையில் படிவக் கட்டை வாங்கப் போனபோது சாக்குக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நிற்க வைத்தார். உள்ளே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. "கேஷிகாவோட வேலைக்காரப் பிள்ளையா?" என்று வாங்க வந்த ஒருவர் கேட்டார். உன் அப்பா இல்லை என்று சொல்லவில்லை.

உன் விதியை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பின்பற்றினேன். அதில் குறை கண்டுபிடிக்க முடியாது.

ஜெயந்தினி


வெள்ளவத்தை
மார்ச் 12

ஜெயந்தினி,

வேலைக்காரப் பிள்ளை விஷயம் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நேற்று இரண்டு சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் சுற்றில் முப்பத்து மூன்று பேர் காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். இரண்டாம் சுற்றில் நாற்பது பேரில் இருபத்தொன்பது பேர் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு நாளில் ஒருவருக்குக் காது போகாது, வரவும் வராது. பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் இதைவிட ஒத்துப்போயிருக்கும். என் ஆய்வை வழிநடத்தும் மேடம் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

என் அறையில் கூட இருக்கும் ஹம்சினி பல் வைத்தியர். அவளும் இதே மாதிரி ஒரு கருவியைத்தான் சோதிக்கிறாள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பியை இறக்கி ஆழத்தை மில்லிமீட்டரில் வாசிக்கிறாள். அவளுக்கு உதவி செய்கிறவர் படிக்காத ஆள் இல்லை. அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போகிறது. எனக்கு ஏன் இப்படி?

நேராகக் கேட்கிறேன். நீ அவர்களுக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தாயா? காது கேட்கவில்லை என்று சொன்னால் ஏதாவது கிடைக்கும், காதில் மாட்டும் மெஷின் கிடைக்கும் என்று? அல்லது என் மேல் இருக்கும் எரிச்சலில், நீயே எழுதியிருக்கிறாயே, ஆளைக் கேட்காமலே நிரப்பினாயா?

கேஷிகா


கெல்மோரா
மார்ச் 18

கேஷிகாவுக்கு,

உன் கடிதத்தை மடுவத்துக்கு வெளியே நின்று படித்தேன். உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இல்லாவிட்டால் சத்தம் போட்டிருப்பேன்.

கணக்கு உனக்கு எப்போதும் அரைகுறை. தாளைத் திரும்ப எடுத்துப் பார். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பார்கள். கேட்கிறது என்றவர்களில் இருபத்தைந்து பேர் கேட்கவில்லை என்று மாற்றினார்கள், சரி. முதல் தடவை கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு இப்போது நன்றாகக் கேட்கிறது என்ற நாலு பேர்? கொழுந்து உருட்டுகிற ரோலரில் பத்தொன்பது வருசம் வேலை செய்த சிவசாமி அண்ணனும் அந்த நாலில் ஒருவர். அவர் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவரிடம் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன், காது கேட்கிறது என்று பொய் சொல்லச் சொல்லியா?

காரணம் வேண்டுமென்றால் வடிவேல் மாமா சொன்னதைக் கேள். அவர் தேயிலை காய வைக்கிற ட்ரையரில் வேலை செய்கிறார். கேள்வியெல்லாம் முடிந்த பிறகு, போன தடவை ஒன்று சொன்னீங்க, இந்தத் தடவை ஒன்று சொல்றீங்களே என்று சும்மா கேட்டேன். பத்தும் எழுதி முடித்த பிறகுதான், உன் விதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏம்மா, ரெண்டாந் தடவ வந்து கேக்குறீங்கன்னா மொதல்ல சொன்னது பிழைன்னுதானே அர்த்தம். அதான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றார்.

இவ்வளவுதான் உன் பெரிய மர்மம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எத்தனை கிலோ என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஒரு தடவை கேட்டால் நாங்கள் உள்ளதைச் சொல்வோம். "எத்தன?" என்று இரண்டாம் தடவை கேட்டால் குறைத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம். நேற்று உடம்பு சரியில்லாமல்தான் வரவில்லையா என்று இரண்டாம் தடவை கேட்டால், இல்லைங்க ஐயா, சும்மாதான் வரலை என்று சொல்லிவிட்டுப் போவோம். நூற்றைம்பது வருசமாக எங்களிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டவன் எவனும் எங்கள் பதிலைச் சோதிக்கக் கேட்கவில்லை. மாற்றச் சொல்லிக் கேட்டான்.

ஹம்சினி ஒரே பல்லை எத்தனை தடவை வேண்டுமானாலும் அளக்கலாம். பல்லுக்குக் கண்டாக்கைத் தெரியாது.

ஜெயந்தினி


வெள்ளவத்தை
மார்ச் 25

ஜெயந்தினி,

நாலு பேர் எதிர்ப்பக்கம் போனதை நான் கவனிக்கவில்லை. பார்த்தேன், நீ சொன்னது சரி. சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டதற்கு மன்னித்துக்கொள்.

ஆனால் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், ஒரு விஷயம் இடிக்கிறது. வடிவேல் உன்னிடம் இதைச் சொன்னது எந்த நாள்? படிவத்தில் அவர் இலக்கம் ஆறு. முதல் நாள் காலையில் ஆறாவது ஆள். அவருக்குப் பிறகு முப்பத்து நாலு பேரை மூன்று நாள் கேட்டிருக்கிறாய். ஏன் இப்படி மாற்றுகிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஒவ்வொருவராகக் கேட்டு, எழுதி, கட்டி அனுப்பியிருக்கிறாய். ஒரு அழைப்பு எடுத்திருந்தால் நிறுத்தியிருப்பேன். உன்னிடம் என் நம்பர் இருக்கிறது, தடுத்ததை எடுத்துவிட ஒரு விரல் போதும். ஏன் எடுக்கவில்லை?

அறிக்கையின் வரைவு எழுத வேண்டியிருக்கிறது. மேடம் காரணம் கேட்கிறார். நான் இப்படி எழுதியிருக்கிறேன், உனக்குத் தெரியாமல் போடக் கூடாது என்பதால் அப்படியே தருகிறேன்:

"இரண்டாம் சுற்றில் உள்ளூர்க் கேள்வியாளரின் பயிற்சிக் குறைபாடு காரணமாகப் பதில்கள் நம்பத்தக்கவையாக அமையவில்லை. ஆகவே இத்தோட்டத்தின் தரவுகள் நீக்கப்படுகின்றன."

இந்த வரி போனால் டிக்கோயா வேலை உனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு எப்படி எழுதுவது என்று நீ சொல்.

கேஷிகா


கெல்மோரா
ஏப்ரல் 1

கேஷிகாவுக்கு,

பயிற்சிக் குறைபாடு. நல்ல வார்த்தை. பட்டம் படித்தால்தான் இப்படி எழுத வரும்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை.

வடிவேல் மாமா எழுந்து போன பிறகு வீரம்மா அக்கா வந்து உட்கார்ந்தார். சலிக்கிற பக்கம் வேலை செய்கிறவர், காது நல்ல காது. முதல் கேள்வியை வாசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். எது சரியான பதில் என்று என் முகத்தில் தேடினார். "அக்கா, போன தடவை சொன்னது பிழை இல்லை, பயப்படாம அதையே சொல்லுங்க" என்று நான் சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. அப்போது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. விளக்கம் சொல்லாதே, தலையாட்டாதே, ஒரு சொல் கூடாது. சரி, உன் விதிதானே, உன் விதியாலேயே உன் வேலை கெடட்டும் என்று நினைத்தேன். அடுத்த கேள்வியை வாசித்தேன்.

அப்படித்தான் முப்பத்து நாலு பேர். ஒவ்வொருவரும் மாற்றிச் சொல்லும்போது உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோசம். உன் முகம் எப்படிப் போகும் என்று கற்பனை பண்ணினேன். பொய்யாக ஒன்றும் எழுதவில்லை, விதியை மீறவில்லை, ஒருவரும் என்னைப் பிடிக்க முடியாது. நல்ல பிள்ளையாக இருந்தே ஒருத்தியைக் கவிழ்க்கலாம் என்று அந்த மூன்று நாளில் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அதுவும் உன் அறிக்கைக்குள் வராது, ஏனென்றால் அது பயிற்சிக் குறைபாடு இல்லை. பயிற்சியில் நான் எப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். பொறாமை என்று எழுது. அந்தச் சொல்லை எழுத உனக்குத் தைரியம் இருந்தால் என் பெயரையும் சேர்த்து எழுது, கையெழுத்துப் போடுகிறேன். குறைபாடு என்று எழுதினால் போட மாட்டேன்.

ஜெயந்தினி


வெள்ளவத்தை
ஏப்ரல் 9

ஜெயா,

ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

பயிற்சியில் நீ எப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்று எழுதினாய். தெரியும். ஜனவரியில் பேராதனையில் ஆட்கள் பதில் சொல்கிற ஒரே இருபது பதிவுகளை நம் இருவருக்கும் போட்டுக் காட்டி, படிவத்தில் எழுதச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து அதே இருபதைத் திரும்பக் காட்டினார்கள். நீ இருபதுக்கு இருபது அதே மாதிரி எழுதினாய். நான் பதினாறு. அந்த அட்டவணை அறிக்கையில் இருக்க வேண்டும். நான் எடுத்துவிட்டேன். இடம் போதவில்லை என்று மேடத்திடம் சொன்னேன்.

நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாய் என்று எழுதுகிறாய், எனக்குச் சிரிப்பாக வருகிறது. ஃபெக்டரியில் அந்த நாற்பது பேரும் என் வானுக்குள் ஏறும்போது தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். மேடம், மேடம் என்று நின்றார்கள். உட்காருங்கள் என்று நான் சொல்லியும் உட்காரவில்லை. உன் மேசையில் போய்த் தாமாக உட்கார்ந்தார்கள், உன்னைப் பாப்பா என்றார்கள், உன் டீயை வாங்கிக் குடித்தார்கள். தொரை உன்னை யார் என்று கேட்டபோது, இவள் என்னை விடக் கெட்டிக்காரி என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. அதனால்தான் ஹெல்பர் என்றேன். நீ என் கொப்பியைப் பார்த்து எழுதவில்லை, நான்தான் உன்னுடையதைப் பார்த்தேன் என்பது எனக்குப் பன்னிரண்டு வருசமாக மறக்கவில்லை.

உன் மார்ச் கடிதத்தை ஹம்சினியிடம் காட்டினேன். கோபிக்காதே. பல்லுக்குக் கண்டாக்கைத் தெரியாது என்ற இடத்தில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னாள். ஈறும் அப்படித்தானாம். முதல் தடவை கம்பியால் அழுத்தி அளந்தால் ஈறு கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடும், உடனே திரும்ப அளந்தால் ஆழம் கூடக் காட்டும். முதல் அளவு இரண்டாவதைக் கெடுத்துவிடும், அதைக் கருவியின் குறையாகத்தான் எழுதுவோம், பல்லின் மேல் பழி போட மாட்டோம் என்றாள். அதைக் கேட்ட பிறகு என் வரியை என்னால் திரும்ப வாசிக்க முடியவில்லை.

மேடத்திடம் எல்லாம் சொன்னேன். உன் பொறாமையைத் தவிர. அது நம் இருவர் விஷயம். படிவம்தான் தோற்றது என்று எழுதுகிறோம். அட்டவணை உள்ளே வரும், அந்த வரி போய்விட்டது. மேடம் உன் வடிவேல் பத்தியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "இதை எழுதியது யார், இவளுக்கு ஏன் இன்னும் பட்டம் இல்லை?" என்று கேட்டார். என் ஒரு வருச வேலையைப் பற்றி அவர் இப்படி ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது புதிதாக ஒரு சுற்று வேண்டுமாம். கேள்விகளுக்கு முன்னால் ஒரு முன்னுரை வாசிக்க வேண்டும். போன தடவை சொன்னது பிழை இல்லை, சும்மா திரும்பக் கேட்கிறோம் என்று அவர்கள் நம்புகிற மாதிரி இரண்டு மூன்று வாக்கியம். பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். எல்லாம் வங்கி விளம்பரம் மாதிரி இருக்கிறது. நீ எழுதித் தருவாயா?

கேஷிகா


கெல்மோரா
ஏப்ரல் 22

கேஷிகா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வருசப் பிறப்பு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். நீ பதினாறு எடுத்தாய் என்பதற்காக. வெட்கமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

வாக்கியத்தை அடுத்த நாளே எழுதிவிட்டேன். இதுதான்:

"நீங்க போன தடவ சொன்னது பிழை இல்ல. எழுதுனத அழிக்கல, அப்படியே இருக்கு. கேக்குறது நாங்க கேட்ட கேள்வி சரியான்னு பாக்கத்தான். நீங்க சொல்றது ஆபிசுக்குப் போகாது."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். மற்ற மூன்றும் இல்லாவிட்டாலும் அது இருந்தால் போதும்.

அதை எழுதி வைத்திருந்தேன், அனுப்ப இருந்தேன். போன வியாழன் பால்மாக் கணக்குக்கு ஆபிசுக்குப் போனேன். ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கரின் மேசையில் ஒரு தாள் கிடந்தது. உன் பல்கலைக்கழகத்து முத்திரை, நாற்பது பெயர், பக்கத்தில் மெஷினில் எடுத்த அளவு. காது மோசமாக இருந்தவர்கள் பெயருக்குச் சிவப்புக் கோடு. இருபத்தொரு சிவப்புக் கோடு. இது எப்படி இங்கே என்று கேட்டேன். "ஃபெக்டரிக்குள்ள விடுறதுக்கு அதுதானே பேச்சு, ஒங்க கேஷிகா மேடம் கையெழுத்துப் போட்டாங்களே" என்றார்.

சிவசாமி அண்ணனை ரோலரிலிருந்து எடுத்து விறகு ஏற்றப் போட்டிருக்கிறார்கள். மெஷின் பக்கம் செவிடன் நின்றால் ஆபத்தாம். பத்தொன்பது வருசம் அந்த மெஷின் பக்கம் நிற்க வைத்துத்தான் செவிடனாக்கினார்கள். அப்போது ஆபத்து இல்லை.

அவர் லயத்துக்குப் போனேன். என்னை உட்காரச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மனைவி மீனம்மா அக்கா மட்டும், "ஒன்னய நம்பித்தானே பாப்பா காதக் காட்டுனாரு" என்றார்.

அவர்கள் உட்கார்ந்தது என் மேசையில், என் டீயைக் குடித்தது என்னை நம்பி என்று நீ பொறாமைப்பட்டாயே, இப்போது வந்து பார். முதல் சுற்றில் காது போன அத்தனை பேர் ஏன் கேட்கிறது என்று பொய் சொன்னார்கள் என்று தெரிகிறதா? அவர்களுக்கு இது முன்பே தெரியும். தெரியாதது எனக்குத்தான்.

நான் எழுதிய கடைசி வாக்கியம் பொய். பொய்யை அவர்களிடம் வாசிக்க மாட்டேன். அதை உண்மையாக்க முடிந்தால் எழுது. முடியாவிட்டால் முன்னுரையை நீயே வந்து வாசி, அந்த வங்கி விளம்பரத்தை.

ஜெயந்தினி


வெள்ளவத்தை
மே 14

ஜெயா,

காது அளவுகளைத் தோட்டத்து ஆபிசுக்குத் தருவதாகக் கையெழுத்துப் போட்டது உண்மை. எல்லோரும் அப்படித்தான் அனுமதி வாங்குகிறார்கள் என்றார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுத்தான் போட்டேன். எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது, ஃபெக்டரிக்குள் போக வேண்டியிருந்தது. உன்னிடம் சொன்னால் நீ வர மாட்டாய் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

தாளைத் திருப்பித் தரும்படி கேட்டு மேடமும் நானும் தோட்டக் கம்பனிக்கு எழுதினோம். தரமாட்டோம் என்றார்கள். ஃபெக்டரிக்குள் இனி வரக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். நடந்ததை நெறிமுறைக் குழுவிடம் நானே எழுதிக் கொடுத்தேன். என் பட்டத்தை ஒரு வருசம் தள்ளி வைத்திருக்கிறார்கள். மேடம் கோபிக்கவில்லை. ஹம்சினி அடுத்த மாதம் முடித்துவிடுவாள், அவளைப் பார்க்கக் கூடப் பிடிக்கவில்லை.

சிவசாமியைத் திரும்ப ரோலருக்கு எடுக்கச் சொல்லித் தொழில் அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. வரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

புதுச் சுற்றை ஃபெக்டரிக்கு வெளியே, கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்று குழு அனுமதித்திருக்கிறது. படிவத்தில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யார் என்ற தாள் உன்னிடம் மட்டும் இருக்கும், என்னிடம் கூட இருக்காது. உன் நாலாவது வாக்கியம் இப்போது உண்மை. இதற்கு மேல் உண்மையாக்க எனக்குத் தெரியவில்லை.

அறிக்கையில் உன் பெயர் வருகிறது. இரண்டாவதாக. முதலாவதாகப் போடலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். என்னால் முடியவில்லை, ஜெயா.

கேஷிகா


கெல்மோரா
ஜூன் 2

கேஷிகா,

முதல் பெயரை நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அதை விடு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வைத்தோம். நாற்பது பேருக்கும் சொல்லியிருந்தேன். இருபத்து மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிவசாமி அண்ணன் வந்தார், ஆனால் படிவத்துக்கு உட்காரவில்லை. வாசலில் நின்று, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்டாக்கு அந்தப் பக்கம் இரண்டு தடவை நடந்தார். இரண்டு தடவையும் அண்ணன் நடுவாசலுக்கு வந்து நின்றுகொண்டார்.

யார் எந்த இலக்கம் என்ற தாள் என்னிடம் இருக்கிறது. எங்கே என்று உனக்கும் சொல்ல மாட்டேன்.

முதல் ஆளாக வடிவேல் மாமா உட்கார்ந்தார். நாலு வாக்கியத்தையும் வாசித்தேன். நாலாவது வாக்கியம் முடிந்ததும், நெசமா என்று கேட்டார். நெசந்தான் மாமா என்றேன். விதிப்படி அது கூட நான் சொல்லக் கூடாது. சொன்னேன், நீ விரும்பினால் அந்தப் படிவத்தைத் தள்ளிவிடு. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"மொதத் தடவ பயந்துக்கிட்டுச் சொன்னேன். ரெண்டாந் தடவயும் பயந்துக்கிட்டுத்தான் சொன்னேன். இப்பத்தான் காதப் பத்திச் சொல்லப் போறேன். எழுது."

பத்துக் கேள்விக்கும் பதில் சொன்னார், உனக்கு எழுதலாமா என்று அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். இடது காதில் ஒன்றும் இல்லை. வலது காதில் எப்போதும் ட்ரையர் ஓடுகிற சத்தம், லயத்தில் படுத்திருக்கும்போதும். மெஷின் இதைத்தான் காட்டியதா என்று நீ சேர்த்துப் பார்த்துக்கொள். இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் கேட்பேன். அவர் அதையேதான் சொல்வார், எனக்குத் தெரியும்.

உன் படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியத்துக்கு இடம் இல்லை. அதனால் இங்கே எழுதியிருக்கிறேன். உன் மேடம் இதைப் படித்துவிட்டு அறிக்கையில் சேர்க்கச் சொல்வார், நீயும் சேர்ப்பாய். சேர்த்துக்கொள். ஆனால் தொழிலாளி ஒருவர் கூறினார் என்று போடாதே. யாரிடம் கூறினார் என்று போடு. ஜெயந்தினியிடம் கூறினார் என்று போடு. உன்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை.

ஜெயந்தினி